கரடுமுரடான பாதையில் ஃபோர் வீல் ஜீப்: எந்த லீவர், எவ்வளவு காற்று, எங்கே இறங்கிப் பார்ப்பது

தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்சி, மகிந்திரா மேஜர் என்று எந்த வண்டி கையில் இருந்தாலும், அது தரையைத் தொடுவது உள்ளங்கை அகலத்தில் நான்கே இடங்களில்தான். எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அந்த நான்கு இடங்களில் பிடிமானம் போனால் வண்டி நின்றுவிடும். ஆகவே வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், அகல டயர், கூரை விளக்கு என்று செலவு செய்யும் முன் இரண்டு விஷயங்களைப் பழகிக்கொள்ளுங்கள்: டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுவது, லோ ரேஞ்ச் என்ற, வேகம் குறைந்து விசை கூடும் கியர் நிலையில் மெதுவாக ஓட்டுவது. மலைப்பாதையில் உடையும் வண்டிகளில் பெரும்பாலானவை வேகத்தால் உடைகின்றன. பலம் போதாமல் உடைபவை குறைவு.

லீவரில் இருக்கும் நான்கு நிலைகள்

கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதன் லீவரில் 2 ஹை (பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை), 4 ஹை (நான்கு சக்கரங்களுக்கும் விசை, வழக்கமான வேகம்), நியூட்ரல், 4 லோ (நான்கு சக்கரங்களுக்கும் விசை, லோ ரேஞ்ச்) என்ற நிலைகள் இருக்கும். தார் ரோட்டில் எப்போதும் 2 ஹைதான். மழை பெய்தாலும் கெட்டியான தார் ரோட்டில் 4 ஹை போட்டுத் திரும்பாதீர்கள். தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல், அதாவது இரு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு, கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் என்றால் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். கெட்டித் தரையில் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் முழுவதும் கியர் பற்களிலும், அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலும் ஏறும். ஸ்டீயரிங் கனக்கும், வண்டி இழுத்து இழுத்து நகரும், லீவர் 2 ஹைக்குத் திரும்பி வராமல் இறுகிக்கொள்ளும். அப்படி இறுகினால் லீவரைப் பலம் கொண்டு இழுக்காதீர்கள். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கம் அவிழ்ந்து லீவர் தானாக வரும்.

4 ஹைக்கு ஓடும்போதே மாற்றலாம், ஆனால் சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்திருக்க வேண்டும். ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும் நேரத்தில் மாற்றினால் பற்கள் அரைபடும். 4 லோவுக்கு வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, மெயின் கியரை நியூட்ரலில் வைத்து மாற்றுங்கள். விழவில்லை என்றால் வண்டியை அரை அடி நகர்த்தி மறுபடி முயலுங்கள். பற்கள் நேருக்கு நேர் நிற்பதால்தான் அப்படி ஆகிறது, பழுது அல்ல.

டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. லீவர் அந்த நிலையில் நின்றால் மெயின் கியர் ஒன்றாவதில் இருந்தாலும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. சரிவில் வண்டி தானாக உருளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'பி'யில் இருந்தாலும் இதே கதிதான். எனவே சரிவில் லீவர் மாற்றும்போது ஹேண்ட்பிரேக் மட்டும் போதாது, கால் பிரேக்கிலும் மிதியுங்கள்.

4 லோவில் தாரின் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்து, சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை அதே அளவு கூடும். ஜிம்னியில் அது இரண்டு மடங்கு. ஒன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே, ஆள் நடக்கும் வேகத்துக்கும் கீழே வண்டி தானாக ஊர்ந்து போகும். பாறை, செங்குத்து ஏற்றம், செங்குத்து இறக்கம், நீரோடை எல்லாவற்றுக்கும் இதுதான் கியர். இது தெரியாமல் 4 ஹையில் கிளட்சைப் பாதி மிதித்துப் பாதி விட்டு ஏற்றினால், ஒரே நாளில் கிளட்ச் பிளேட் கருகும். கருகல் வாடை மூக்கில் ஏறியதும் நிறுத்துங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்து, கால் மணி நேரமாவது ஆறவிட்டு, பிறகு லோவில் கிளம்புங்கள்.

காற்றைக் குறைப்பது

செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இது. காற்றைக் குறைத்தால் டயர் தரையில் படியும் பகுதி நீளமாகும், கல்லின் மேல் டயர் வளைந்து படியும், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முதுகும் தப்பும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவு தார் ரோட்டுக்கானது. உடைந்த ஜல்லிப் பாதைக்கு 25, 26 பிஎஸ்ஐ. பாறைக்கு 20 முதல் 22. அதற்கும் கீழே போனால் பக்கச்சுவர் புடைத்து வெளியே வரும், கூர்க்கல் அதைக் கிழிக்கும், பக்கச்சுவரில் விழுந்த கிழிசலை பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. மணலுக்கு 15 முதல் 18. மணலில் புதைந்து மீள முடியாத நிலையில் 12 வரை இறக்கி வெளியே வரலாம். அந்த அளவில் ஸ்டீயரிங்கைச் சடாரென ஒடித்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும்.

டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து குறையுங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். காற்றைக் குறைத்தபின் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போக வேண்டாம், ஏனெனில் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளிருந்து பிரியத் தொடங்கும். தார் ரோட்டை அடைந்ததும் முதல் வேலை காற்றடிப்பது. அதற்கு 12 வோல்ட் கம்ப்ரசர் வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னக் கம்ப்ரசர் பெரிய ஜீப் டயருக்குத் திணறும், ஃபியூஸும் போகும். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகையே வாங்குங்கள். காற்றடிக்கும்போது எஞ்சினை ஓடவிடுங்கள். இரண்டு டயர் முடிந்ததும் கம்ப்ரசரைச் சற்று ஆறவிடுங்கள்.

இறங்கி நடந்து பார்ப்பது

சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது பானெட்டுக்கு முன்னே சில மீட்டர் தூரம் கண்ணில் படுவதே இல்லை. சிக்கலான இடத்தில் இறங்கி, கடக்க வேண்டிய தூரம் முழுவதையும் காலால் நடந்துவிட்டு வாருங்கள். எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் ஏற வேண்டும் என்று முடிவு செய்த பிறகே கியர் போடுங்கள்.

இங்கே வண்டியின் அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். தாரின் தரை இடைவெளி 226 மி.மீ., ஜிம்னியுடையது 210 மி.மீ. முன்பக்கம் எவ்வளவு செங்குத்தான மேட்டில் இடிக்காமல் ஏறும் என்ற கோணம் தாருக்குச் சுமார் 41 டிகிரி, ஜிம்னிக்கு 36. நடுவயிறு மேட்டில் உட்காராமல் தாண்டும் கோணம் தாருக்கு 27, ஜிம்னிக்கு 24. முன்பக்கம், பின்பக்கம், நடுவயிறு என்ற மூன்று கோணங்களில் மிகச் சிறியது இந்த நடுவயிற்றுக் கோணம். முகடு ஏறி மறுபக்கம் இறங்கும்போது வண்டிகள் வயிற்றில் தொங்கி நிற்பது இதனால்தான். ஏறும்போது முன்பம்பர் தப்பியது என்று நிம்மதியடைந்து வேகம் கொடுக்கும் அந்த நொடியில் அடிப்பாகம் இடிக்கும்.

தரை இடைவெளியைக் கணக்கிடும்போது அச்சின் நடுவே தொங்கும் கிரவுன் வீட்டை (டிஃபரென்ஷியல் இருக்கும் உருண்டைப் பெட்டி) மறக்காதீர்கள். இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே நிற்கும் கல்லைத் தாண்ட முடியுமா என்று யோசித்து வயிற்றுக்கு அடியில் விடாதீர்கள். அந்தக் கல்லின் மேலேயே டயரை ஏற்றுங்கள், அச்சு தானாக உயரும். ஆழமான தடப்பள்ளங்களில் ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டிலும் மறுபக்கத்தை வெளி ஓரத்திலும் விட்டு ஓட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சக்கரமும் பள்ளத்துக்குள் விழுந்தால் வண்டி அதன் போக்கில்தான் போகும். அப்போது ஸ்டீயரிங் எந்தப் பக்கம் ஒடிந்திருக்கிறது என்பதுகூடக் கைக்குத் தெரியாது. ஜன்னல் வழியே தலையை நீட்டி முன்சக்கரத்தைப் பாருங்கள். பள்ளம் முடியும் இடத்தில் திரும்பி நிற்கும் சக்கரத்துக்குத் திடீரெனப் பிடிமானம் கிடைத்து வண்டியை ஓரத்துக்கு இழுத்துப்போய்விடும்.

பெருவிரல்களை ஸ்டீயரிங் வளையத்துக்கு வெளியே, மேற்பரப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய ஜீப்பில் சக்கரம் கல்லில் இடித்தால் வளையம் வெடுக்கென்று திரும்பிப் பெருவிரலை உடைக்கும்.

குறுக்கு மேடுபள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் சுற்றினால்

எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரங்கள் தூக்கிக்கொண்டால் சாதா டிஃபரென்ஷியல் முழு விசையையும் அந்தரத்தில் இருக்கும் சக்கரத்துக்கே அனுப்பும். கூர்க்காவில் முன்னும் பின்னும் கையால் பூட்டும் லாக் உண்டு, அதைச் சக்கரம் சுழலத் தொடங்கும் முன், வண்டி நிற்கும்போதே போடுங்கள். தாரில் சில மாடல்களின் பின் அச்சில் தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக் இருக்கிறது. ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று கூடுதலாகச் சுழன்றால் 'டக்' என்று பூட்டும். ஜிம்னியிலும் தாரிலும் பிரேக் வழியாக வேலை செய்யும் முறை உண்டு. சுற்றும் சக்கரத்தை வண்டியே பிரேக் பிடித்து நிறுத்தி, விசையை எதிர்ச் சக்கரத்துக்குத் தள்ளும்.

இவை இரண்டுக்கும் ஓட்டுநர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சக்கரம் சுற்றுவதைப் பார்த்துப் பயந்து ஆக்ஸிலரேட்டரை விடாமல், லேசாக, சீராகப் பிடித்துக்கொண்டே இருப்பது. விட்டால் முறை வேலை செய்யத் தொடங்குமுன்பே நின்றுவிடும். பழைய ஜிப்சி, மேஜர் வண்டிகளில் இப்படி எதுவும் கிடையாது, இடது காலால் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஓரளவு அதே பலன் கிடைக்கும். ஜிப்சியில் முன்சக்கர ஹப்பை (சக்கரத்தை அச்சோடு இணைக்கும் நடுப்பகுதி) இறங்கிக் கையால் பூட்ட வேண்டிய மாடல் என்றால் பாதை தொடங்கும் முன்பே இரு பக்கமும் பூட்டிவிடுங்கள். சேற்றில் முழங்கால் புதைய நின்று பூட்டுவது பெரும்பாடு.

ஏற்றமும் இறக்கமும்

ஏற்றத்தில் கியர் மாற்றக்கூடாது. அடியிலேயே 4 லோ ஒன்றாவதா இரண்டாவதா என்று முடிவெடுங்கள். பாறைக்கு ஒன்று. இளகிய மண்ணுக்கு இரண்டு, ஏனெனில் ஒன்றாவதில் விசை அதிகமாகிச் சக்கரம் வழுக்கும். சரிவுக்கு நேராக ஏறுங்கள். குறுக்காக ஏறினால் கீழ்ப்பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி கவிழும்.

பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டதா? பதறி கிளட்சை மிதித்து நியூட்ரலில் பின்னோக்கி உருள விடுவது, பாதியில் வண்டியைத் திருப்பப் பார்ப்பது, இரண்டும் ஆளைக் கொல்லும் தவறுகள். கால் பிரேக்கை அழுத்தி மிதியுங்கள், ஹேண்ட்பிரேக்கையும் போடுங்கள். கிளட்ச் மிதித்து எஞ்சினைக் கிளப்பி, ரிவர்ஸ் கியர் போடுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கால் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்போதே கிளட்சையும் முழுக்க விட்டால் எஞ்சின் பிடியில் வண்டி நேராகப் பின்னால் இறங்கும். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். இதைச் சிறிய மேட்டில் சில முறை பழகிவிட்டுப் பெரிய ஏற்றத்துக்குப் போங்கள்.

இறக்கத்தில் 4 லோ ஒன்றாவது, கிளட்ச் பக்கம் கால் போகவே கூடாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறி இறங்கும் ஜீப் ஓட்டுநர்களைக் கவனித்தால் இது புரியும். அந்தக் கல்பாதையில் வண்டியைப் பிடித்து வைப்பது எஞ்சின்தான், பிரேக் துணைக்கு மட்டும். பிரேக்கை இறுக்கி மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டால் வழுக்கும் சக்கரம் திரும்பாது. பின்பக்கம் ஒரு புறமாக ஒதுங்கினால் பிரேக்கை விட்டு, இறக்கத்தின் திசைக்கே ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். மனம் ஒப்பாது. ஆனால் சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கினால்தான் வண்டி கைக்கு அடங்கும்.

மணல், சேறு, கரிசல்

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுச் செம்மணலிலும் கடற்கரை மணலிலும் வேலை செய்வது காற்றுக் குறைப்பும் சீரான ஓட்டமும். இங்கே மட்டும் கொஞ்சம் வேகம் தேவை. 4 ஹை இரண்டு அல்லது மூன்றாவது கியரில், நிறுத்தாமல் போங்கள். எலக்ட்ரானிக் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது எஞ்சின் விசையை வெட்டி வண்டியை நிறுத்திவிடும். நிற்க வேண்டி வந்தால் பிரேக் போடாதீர்கள். பிரேக் போட்டால் டயருக்கு முன் மணல் குவியும். ஆக்ஸிலரேட்டரை விட்டுத் தானாக நிற்கவிடுங்கள், முடிந்தால் இறக்கத்தை நோக்கி. கிளம்பும்போது முதலில் வந்த தடத்திலேயே ஒரு மீட்டர் ரிவர்ஸ் எடுத்து, அழுந்திய மணலின் மேல் ஓடி வேகம் எடுங்கள்.

செம்மண் சேற்றில் வண்டி தயங்கினால் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சற்றே ஆட்டுங்கள். டயரின் பக்க விளிம்பு புது மண்ணைப் பிடிக்கும்.

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் வேறு கதை. நனைந்த கரிசல் டயரின் வெட்டுகளை முழுக்க அடைத்து, டயரை வழுவழுப்பாக்கிவிடும். காற்றைக் குறைத்தும் பெரிய பலன் இல்லை. அடுக்கடுக்காக ஒட்டி, ஃபெண்டருக்குள் நிறைந்து சக்கரத்தையே நிறுத்தும். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் களியாக இருக்கும், காலால் மிதித்துப் பார்த்து நம்பிவிடாதீர்கள், கம்பியோ கம்போ குத்திப் பாருங்கள். மழை பெய்த கரிசல் காட்டில் இறங்காமல், வெயிலில் நன்றாகக் காயும்வரை காத்திருப்பதே சரியான முடிவு. எந்த டயரும் இதற்கு விதிவிலக்கல்ல.

எந்த மண்ணானாலும் சக்கரம் நகராமல் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும். கிரவுன் தரையில் உட்கார்ந்துவிட்டால் தோண்டாமல் வெளியே வராது.

தண்ணீர்

தாருக்கு நிறுவனம் சொல்லும் ஆழம் 650 மி.மீ. அது தேங்கிய நீருக்கு, சீரான தரைக்கு. ஓடும் நீர் என்றால் சக்கரத்தின் பாதி உயரத்தைத் தாண்டினால் இறங்க வேண்டாம். தண்ணீர் வண்டியின் தளத்துக்கு மேல் 10 செ.மீ. ஏறினாலே சுமார் 400 கிலோ எடையை அது தூக்கிவிடும். டயர் லேசாகும், வெள்ளம் பக்கவாட்டில் தள்ளும். நடந்து கடக்க முடியாத ஓடையை வண்டியில் கடக்காதீர்கள்.

நடந்து பார்த்து, கல்லும் குழியும் எங்கே என்று தெரிந்துகொண்டு, 4 லோ ஒன்றிலோ இரண்டிலோ, நடக்கும் வேகத்தில் இறங்குங்கள். முன்னே எழும் ஒரே ஒரு சிறு அலையோடு சேர்ந்தே நகருங்கள். அந்த அலைக்குப் பின்னால், பானெட்டுக்கு அடியில், நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்திருக்கும். வேகமாக இறங்கினால் தண்ணீர் மேலேறி ஏர் ஃபில்டருக்குள் போகும். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளையும், எஞ்சின் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். வண்டியை இழுத்து வெளியே எடுத்து, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கையும் டீசலில் குளோ பிளக்கையும் கழற்றி நீரை வெளியேற்றிய பிறகே கிளப்பலாம்.

நீண்ட தூரம் ஓடிவந்த உடனே குளிர்ந்த ஓடையில் இறங்காதீர்கள். சூடான அச்சு சட்டெனக் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் (அச்சுக்குள் காற்று போய்வரும் சிறு குழாய்) அடைத்திருக்கும் வண்டியில் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

இழுத்து மீட்பது

நீளும் கயிறு வேறு, நீளாத பட்டை வேறு. ஓடி இழுத்து மீட்க நீளும் நைலான் கயிறு மட்டுமே. அதன் பலம் வண்டியின் மொத்த எடையைப் போல 2 முதல் 3 மடங்கு இருக்கட்டும். அதைவிட மிக வலுவானதை வாங்கினால் நீளாது, வாங்கிய நோக்கமே கெடும். கூடவே 4.75 டன் என்று பொறித்த முக்கால் அங்குல ஷேக்கிள் (கயிற்றை மாட்டும், ஆணி போட்டு மூடும் இரும்பு வளையம்) இரண்டு, மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிச் சதுரத்தில் கனமான பலகை. இரும்புச் சங்கிலி வேண்டாம்.

கொக்கியை எங்கே மாட்டுகிறோம் என்பதில் உயிரே அடங்கியிருக்கிறது. சேஸியோடு போல்ட் போட்ட மீட்புக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டோ பால் (டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டு), பம்பர், பம்பரில் திருகி மாட்டும் இழுவை வளையம், கப்பலில் ஏற்றும்போது கட்டப் பயன்படும் துளை, இவை எதுவும் இழுப்புக்கு ஆனவை அல்ல. தெறித்தால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும்.

முதலில் சக்கரங்களுக்கு முன்னாலும் கிரவுனுக்கு அடியிலும் மண்ணை வெட்டி எடுங்கள். பாதி மீட்பு இந்த வேலையிலேயே முடியும். ஷேக்கிள் ஆணியைக் கையால் முழுக்க முறுக்கி, கால் சுற்று பின்வாங்குங்கள், இல்லாவிட்டால் இழுப்பில் இறுகிப் பிறகு கழற்ற வராது. கயிற்றின் நடுவே கனமான சாக்கையோ போர்வையையோ போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். இழுக்கும் வண்டி ஒன்றிரண்டு மீட்டர் தொய்வு விட்டு, 4 லோ இரண்டாவதில் மெதுவாகக் கிளம்பட்டும். கயிறு நீளும் நேரத்தில் புதைந்த வண்டியும் கியரில் லேசாக உந்த வேண்டும். மூன்று முறையில் வரவில்லை என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள். இன்னும் தோண்டுங்கள்.

எங்கே ஓட்டுவது

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், புல்வெளியில் ஒருமுறை விழுந்த சக்கரத்தடம் அடுத்த மழையில் ஓடையாகி அரிக்கும். ஏற்கெனவே இருக்கும் பாதையிலும், உரிமையாளர் அனுமதித்த நிலத்திலும் மட்டும் ஓட்டுங்கள். முன்பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு (புல் பார்) மாட்டாதீர்கள். அதை 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது, ஏர்பேக் சென்சாரின் வேலையையும் அது கெடுக்கும்.

திரும்பி வந்த பிறகு

அடிப்பாகத்தையும் ரேடியேட்டரையும் அன்றே கழுவுங்கள். காய்ந்த சேறு ரிம்மின் உட்புறம் ஒட்டியிருந்தால் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும், பலர் இதை அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்துப் பணம் கொடுக்கிறார்கள். சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டுங்கள், நனைந்திருந்தால் மாற்றுங்கள். பழைய ஜீப்பில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டுக்கும் பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிளுக்கும் பழைய கிரீஸ் வழிந்து வெளியே வரும்வரை புது கிரீஸ் அடியுங்கள். தண்ணீரும் சேறும் அப்போதுதான் வெளியேறும். ஓடையில் இறங்கியிருந்தால் இரு அச்சுகளிலும் ஆயில் மூடியைக் கழற்றி விரலால் தொட்டுப் பாருங்கள். ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அடுத்த சர்வீஸ் வரை தள்ளாமல் அன்றைக்கே வடித்து மாற்றுங்கள், மூச்சுக்குழாயில் ஊதி அடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.